பெரியப்பா போட்ட மார்க்

"சௌக்கியமா?" என்று ஒருவரைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலுக்காக எப்போதாவது நின்றிருக்கிறீர்களா, நேயர்களே? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்; நான் நின்றதில்லை. கேட்கிறோம். "ஏதோ இருக்கேன்" என்கிறார். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். அந்த "ஏதோ" என்ற இரண்டெழுத்துக்குள்ளே என்னென்ன அடைந்து கிடக்கிறது என்று யார் கண்டார்கள்?

எனக்கு அதைத் தெரிவித்தவர் அம்பத்தூரில் இருக்கும் என் பெரியப்பா.

பெரியப்பா கடைசல் பட்டறைக்காரர். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது அல்லவா? ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த பூமியில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்துத் தொழிற்சாலைகளாகக் கட்டினார்கள். அவர் 1970-களில் அங்கே ஒரு சிறிய பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்து, லேத்தில் நின்று, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இரும்பைக் கடைந்தவர். நம் தலைமயிர் எவ்வளவு பருமன் என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். மைக்ரோமீட்டரை எடுத்துப் பிடித்துச் சொல்லிவிடுவார். "அளவு தப்பினா வேலையே தப்பு" என்பது அவருடைய வேதவாக்கு. வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தெருப்பிள்ளைகளின் சைக்கிள்களெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும். காசு வாங்காமல் ரிப்பேர் செய்து கொடுப்பார்.

அப்படிப்பட்ட கைக்குத்தான் நடுக்கம் வந்தது.

முதலில் அது நடுக்கமாகவும் வரவில்லை. ஒரு நாள் பெரியம்மா அடுப்பில் நெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். வீடெல்லாம் மணக்கிறது. "என்ன காய்ச்சறே?" என்று பக்கத்தில் நின்று கேட்டாராம். மூக்கு தன் வேலையை நிறுத்தி விட்டிருந்தது. அப்புறம் கையெழுத்து சிறுத்தது. பாங்கியில் கையெழுத்துப் போட்டால், எறும்பு ஊர்ந்தது போல் வரவரக் குறுகிக்கொண்டே போயிற்று. அதற்கும் பிறகுதான் வலது கைக் கட்டை விரல், மாத்திரை உருட்டுவது போல, சும்மா இருக்கும்போதே தானாக உருள ஆரம்பித்தது. நடை குறுகியது. குரல் தணிந்தது. சிரித்தால் முகத்தில் சிரிப்பு ஏறவில்லை. "அவர் ஏன் இப்படிக் கோபமாவே இருக்கார்?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்களாம். கோபமாவது ஒன்றாவது! முகத்துத் தசை அசைந்தால்தானே சிரிப்பு வெளியே வரும்?

டாக்டர் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் நோய் என்றார். நாம் தமிழில் நடுக்குவாதம் என்கிறோம்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று இரண்டு வார்த்தை. லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்றொரு வைத்தியர். 1817-ல் அவர் இந்த வியாதியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆறே ஆறு பேரை வைத்து எழுதியது. அந்த ஆறு பேரிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் இல்லை. தெருவில் போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள். நடையைப் பார்த்தே நோயைக் கண்டுகொண்ட மனிதர்! பிற்பாடு பிரெஞ்சு தேசத்து ஷார்கோ என்ற பெரிய டாக்டர்தான் வியாதிக்கு அவர் பெயரையே சூட்டினார்.

காரணம் தெரிய இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மூளையின் அடிப்பாகத்தில் கருநிறமான ஓர் இடம் இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் நினைத்ததும் கை எழுவதற்கும் கால் நடப்பதற்கும் அது வேண்டும். இந்த நோயில் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை நடுங்கத் தொடங்குவதற்குள்ளேயே கணிசமான பகுதி போய்விடுகிறது.

இதில் நம் நாட்டுச் சம்பந்தம் ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்ஸன் என்ற விஞ்ஞானி 1957-ல் ஒரு சோதனை செய்தார். ரெஸர்பின் என்ற மருந்தைக் கொடுத்தால் முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. அந்த மருந்து நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்படுவது. பிறகு லெவோடோப்பா என்ற பொருளைச் செலுத்தினார். கிடந்த முயல்கள் எழுந்து ஓடின! இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த லெவோடோப்பா நம் பூனைக்காலி விதையில் இருக்கிறது. வேலியில் படர்ந்து, தொட்டால் அரிப்பெடுக்கும் அதே பூனைக்காலிதான். அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-லேயே எழுதி வெளியிட்டவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். எங்கே தெரியுமா? நம் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில்! அது இந்த நோய்க்கு மருந்தாகப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்? 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்ற டாக்டர் அதையே வாய் வழியாகப் படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து, நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தார். இன்றைக்கும் பெரியப்பா விழுங்கும் மாத்திரையில் இருப்பது அதுதான். கூடவே கார்பிடோப்பா என்று ஒரு துணை மருந்து. லெவோடோப்பா மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் சிதைந்து போகாமல் அது காவல் காக்கிறது.

இந்த மருந்து நோயைத் தீர்க்காது. இல்லாததை ஈடு செய்யும். அவ்வளவுதான்.

போன ஆடி மாதம் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே பெரியப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகும் வேலை எனக்கு வந்தது. அம்பத்தூரில் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனோம். டாக்டர் நல்லவர். வெளியே அறுபது பேர் காத்திருந்தும் எரிந்து விழாதவர்.

"விரலையும் கட்டை விரலையும் தட்டுங்க, வேகமா. ஆங். கையை மூடித் திறங்க. காலைத் தட்டுங்க. எழுந்து நடங்க, திரும்பி வாங்க." பின்னால் நின்றுகொண்டு தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பெரியப்பா இரண்டு அடி பின்வாங்கிச் சமாளித்துக்கொண்டார். டாக்டர் சீட்டில் ஏதோ எண்களை எழுதினார்.

"போன தடவையைவிட நல்ல முன்னேற்றம். இதே மாத்திரை, இதே அளவு. மூணு மாசம் கழிச்சு வாங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டியது, கொரட்டூர் தாண்டியது. பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. பட்டரவாக்கத்தில் வண்டி நின்றபோது, தாம் வேலை பார்த்த பட்டறைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார்: "முன்னேற்றமாம். யாருக்குடா முன்னேற்றம்?"

நான் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

"ப்ளக் கேஜ்னு ஒண்ணு இருக்கு. துவாரம் சரியா இருக்கான்னு பார்க்கிறது. த்ரெட் கேஜ் வேற. மரை சரியா இருக்கான்னு பார்க்கிறது. துவாரம் பார்க்கிற கேஜை வெச்சு மரை சரியா இருக்குன்னு சொன்னா, என் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்."

நேயர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, பெரியப்பா சொன்னதையேதான் உலகத்து நிபுணர்களும் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

டாக்டரின் கையில் இருப்பது ஒரு வகை அளவுகோல். 1967-ல் ஹோன், யார் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த நோயை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் முதல் படி. படுக்கையோடு அல்லது சக்கர நாற்காலியோடு என்றால் ஐந்தாம் படி. அதைவிட நுணுக்கமாக, ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை எண் போடும் முறை 1987-ல் வந்தது. 2008-ல் அதைத் திருத்தி அமைத்தார்கள். விரல் தட்டச் சொன்னதும் தோளை இழுத்ததும் இதற்காகத்தான். அந்தத் திருத்திய முறையில் நோயாளியைக் கேட்டறியும் பகுதிகளும் இருக்கின்றன. ஆனால் அறுபது பேர் காத்திருக்கும் இடத்தில் அதற்கெல்லாம் நேரம் எங்கே? கையையும் காலையும் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது அளவுகோல் ஒன்று உண்டு. 1995-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் தயாரித்தார்கள். முப்பத்தொன்பது கேள்விகள். எதைக் கேட்பது என்பதை டாக்டர்களே உட்கார்ந்து முடிவு செய்துவிடவில்லை. நோயாளிகளிடம் போய், "இந்த வியாதி உங்கள் வாழ்க்கையில் எதையெல்லாம் தொட்டது?" என்று விசாரித்து, அவர்கள் சொன்னதிலிருந்து கேள்விகளை உண்டாக்கினார்கள். நடமாட்டம், அன்றாட வேலை, மனநிலை, பிறர் முன்னால் கூச்சம், உற்றார் ஆதரவு, ஞாபக சக்தி, பேச்சு, உடல் உபாதை என்று எட்டுப் பிரிவு. முடிவில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண் வரும். பள்ளிக்கூடத்து மார்க் போல் எண்ணிவிடாதீர்கள்; இதில் எண் ஏற ஏறக் கஷ்டம் ஜாஸ்தி.

மூன்றாவது இன்னும் எளிது. ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். ஆறே கேள்விகள். மொத்தத்தில் வாழ்க்கை எப்படி? உடம்பு எப்படி? மனம் எப்படி? மனிதர்களோடு பழக்கம் எப்படி? ஓய்வு நேரம் எப்படி? பண நிலைமை எப்படி? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை திருப்தி என்று நோயாளியே எண் போட வேண்டும். பின்னால் ஏழாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். "உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில் எத்தனை திருப்தி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பாவுக்கு நோய் வந்து ஐந்து வருஷமாகிறது. அந்த ஏழாவது கேள்வியை நாங்கள் யாராவது அவரிடம் கேட்டோமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அம்பத்தூருக்குப் போனேன். நான் செய்தது ஆராய்ச்சி அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு பாஷையில் உள்ள இத்தகைய கேள்விகளை இன்னொரு பாஷைக்குக் கொண்டு வருவதற்கு முறை இருக்கிறது. தமிழில் எழுதியதைத் திரும்ப மூல பாஷைக்குப் பெயர்த்து, ஒத்துப் பார்த்து, பலரிடம் சோதித்த பிறகுதான் அது அளவுகோல் ஆகும். நான் செய்தது வீட்டுத் திண்ணை விசாரணை.

அதிலேயே ஒரு பாடம் கற்றேன். ஆக்ஸ்போர்டுக் கேள்விகளில் சட்டைப் பொத்தானும் பூட்ஸ் கயிறும் வருகின்றன. தட்டில் இருக்கும் உணவைக் கத்தியால் நறுக்குவது வருகிறது. பெரியப்பா எந்தக் காலத்தில் பூட்ஸ் போட்டார்? அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்க வேண்டும். ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போக வேண்டும். எழும்பூரில் தைத்த சட்டையை ஆவடியில் இருப்பவர் போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்தில் தைத்த கேள்வியை அப்படியே மாட்டிவிட முடியாது. நம் ஊர் நடைக்கு ஏற்றபடி பிரித்துத் தைக்க வேண்டும்.

"ஓய்வு நேரம்னா என்னடா? எனக்குத்தான் இருபத்துநாலு மணி நேரமும் ஓய்வாச்சே" என்றார் பெரியப்பா.

"ஆசையாச் செய்யற காரியம், பெரியப்பா."

சிறிது நேரம் திண்ணையையே பார்த்தார். அங்கே ஒரு சைக்கிளும் இல்லை. "ஒண்ணு போட்டுக்கோ" என்றார்.

அவர் போட்ட மார்க்குகளைக் கீழே தருகிறேன். மொத்தத்தில் வாழ்க்கை, 4. உடம்பு, 5. மனம், 3. மனிதர்களோடு பழக்கம், 2. ஓய்வு நேரம், 1. பணம், 6. சிகிச்சை, 4.

இதற்கு முன்பு அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "பெரியப்பா என்ன போடுவார் என்று சொல்லு" என்று கேட்டிருந்தேன். அண்ணன் பாவம், சிகிச்சைக்கு 8 என்றான். மாதாமாதம் மாத்திரை வாங்கித் தருகிறவன் அல்லவா? மிகக் குறைந்த எண் எது என்றதற்கு "உடம்பு" என்றான். தகப்பனார் கூடவே இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிற பிள்ளைக்கே இது தெரியவில்லை. நோயாளி போடும் எண்ணும் வீட்டார் ஊகிக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை என்று நிபுணர்களும் சொல்கிறார்கள். அவரையேதான் கேட்க வேண்டும்.

எண்ணைக் கேட்டதோடு நான் விடவில்லை. "ஏன்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, இந்தத் தடவை பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மனிதர்களோடு பழக்கம் ஏன் 2? சாயங்காலம் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நாலு சிநேகிதர்களோடு நிற்பது அவர் வழக்கம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அங்கே வருவார். ஒரு நாள் கை உதறி டீ முழுவதும் சட்டையில் கொட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பையன், "பெரிசு பகல்லயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு" என்றானாம். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள் தொடாத மனிதர்! அன்றோடு டீக்கடை நின்றது. பூந்தமல்லியில் நடந்த பேத்தி முறைக் கல்யாணத்துக்கும் இதற்காகத்தான் போகவில்லையாம். "பந்தியிலே பத்துப் பேருக்கு நடுவுலே சாம்பாரை இறைச்சுக்கிட்டு உட்காரணுமா?" உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நாங்களெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

சிகிச்சை ஏன் 4? "காலைல மாத்திரை போட்டா பத்து மணிக்கு ராஜா மாதிரி இருக்கேன். டாக்டர் பார்க்கிறது அந்தப் பத்து மணி ராஜாவை. மத்தியானம் மூணு மணிக்கு வாசப்படிகிட்டே கால் தரையோட ஒட்டிக்கிட்டு நிக்கறேனே, அந்தப் பிச்சைக்காரனை அவர் எப்போ பார்த்தார்?"

மனம் ஏன் 3? அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி கெட்டிக்காரி. அன்றிலிருந்து ஒரு வாரம், ஒரு காகிதத்தில் மணி மணியாகக் குறித்து வைத்தாள். எப்போது மாத்திரை, எப்போது சாப்பாடு, எப்போது நன்றாக நடந்தார், எப்போது கால் ஒட்டிக்கொண்டது என்று. அந்தக் காகிதத்தையும் ஏழு மார்க்குகளையும் எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் காத்திராமல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் இரண்டு நிமிஷம் அதையே பார்த்தார். "இதை யாரும் எனக்குக் கொண்டு வந்து தர்றதில்லையே!" என்றார். மத்தியான மாத்திரையைப் பருப்பு சாதத்தோடு கூடவே விழுங்கிக்கொண்டிருந்தார் பெரியப்பா. பருப்பு, பால், தயிர், முட்டை இவற்றில் உள்ள புரதமும் லெவோடோப்பாவும் உடம்புக்குள் நுழைய ஒரே வாசலுக்குப் போட்டி போடுகின்றன. புரதம் முந்திக்கொண்டால் மருந்து வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக மாத்திரை என்று ஆயிற்று. ஒரு வேளை மருந்தின் பலம் அடுத்த வேளை வரை நீடிக்கவில்லை என்பதும் அண்ணியின் காகிதத்தில் தெரிந்தது. டாக்டர் வேளைகளை நெருக்கி அமைத்தார். மனச்சோர்வு என்பது வியாதிக்குப் பயந்து வருவது மட்டுமல்ல, இந்த வியாதியின் ஒரு பகுதியாகவே அது வரலாம், அதற்கும் வைத்தியம் உண்டு என்று சொல்லி, பெரியப்பாவோடு தனியே பேசினார். உடற்பயிற்சி சொல்லித் தருபவரிடமும் அனுப்பினார்.

அந்தப் பயிற்சியாளர் ஒரு வேடிக்கையான உபாயம் சொன்னார். சமதரையில் கால் ஒட்டிக்கொள்ளும் மனிதர், தரையில் குறுக்கே கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவாராம். மூளைக்கு உள்ளேயிருந்து வராத உத்தரவு, கண் வழியாக வந்து சேருகிறது. தாளம் போட்டாலும், எண்ணிக்கொண்டு நடந்தாலும் அப்படியேதான். அண்ணி மறுநாளே வாசற்படிக்கு உள்ளே ஓர் அடிக்கு ஒன்றாக ஆறு பட்டைக் கோடுகள் இழுத்துவிட்டாள். பெரியப்பா அதைத் தாண்டித் திண்ணைக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கோடுகளைப் பார்த்து, "நாலாவது கோடு அரை அங்குலம் தள்ளிப் போயிருக்கு" என்றார்!

ஐப்பசியில் மறுபடியும் மார்க் கேட்டேன். உடம்பு, அதே 5. பணம், 6-லிருந்து 5. பயிற்சிக்குப் போக ஆட்டோச் செலவு. மனம், 5. மனிதர்களோடு பழக்கம், 5. டீக்கடைக்காரரிடம் நானே போய் வியாதி இன்னதென்று சொன்னேன். இப்போது பெரிய டம்ளரில் பாதி மட்டும் ஊற்றித் தருகிறார். ஓய்வு நேரம், 4. திண்ணையில் ஒரு சைக்கிள் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்புளி பிடிக்க, பெரியப்பா எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறார். சிகிச்சை, 7. மொத்தத்தில், 6.

டாக்டரும் தம் முறைப்படி விரல் தட்டச் சொன்னார், தோளை இழுத்தார். அவருடைய எண்ணில் மாறுதல் இல்லை. நோய் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. வாழ்க்கைதான் சற்று நகர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கேஜோடு நின்றிருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்குமா?

உலகத்தில் 2019-ஆம் வருஷக் கணக்குப்படி எண்பத்தைந்து லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு இருக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இருக்கலாம். அவருக்காக நாலு விஷயம் சொல்லி வைக்கிறேன்.

ஏழு கேள்விகளையும் உங்கள் வீட்டுப் பேச்சில் கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை மாற்றாமல் எழுதுங்கள். மாத்திரை நேரத்தையும் நல்ல நேரத்தையும் கெட்ட நேரத்தையும் ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் வேலை. திடீரென்று நிறுத்தினால் பெரிய ஆபத்து. பூனைக்காலி விதையைப் பற்றி மேலே படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். எந்த விதையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு எவ்வளவு என்று சோதித்துச் சான்றிதழ் பெற வழி உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

முடிப்பதற்கு முன் ஒரு சங்கதி. ஐப்பசியில் நான் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பும்போது, காபி டம்ளரை எடுக்க வந்த பெரியம்மா, "எல்லாருக்கும் மார்க்கு கேக்கறியே, நானும் போடலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

மொத்தத்தில் வாழ்க்கைக்கு அவள் போட்டது, 3.

"ஏன், பெரியம்மா?"

"ராத்திரியிலே அவரால தானாப் புரண்டு படுக்க முடியாதுடா. மணிக்கொரு தரம் எழுந்து புரட்டி விடணும். நான் முழுசாத் தூங்கி ரெண்டு வருஷமாச்சு."

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பரைத் தாழ்த்தினான். ஒன்றும் பேசவில்லை. அன்று இரவிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் அப்பாவின் அறையில் பாய் போட்டுக்கொள்கிறான் என்று அண்ணி சொன்னாள். தை மாதம் பெரியம்மாவிடம் மறுபடியும் மார்க் கேட்கப் போகிறேன்.